டிவியில் காணாமல் போன கல்யாணம்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பெயர். அந்தப் பெயரை நானே வாங்கி, நானே கட்டிக் காப்பாற்றி வந்தேன். திருச்செங்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். சீசன் வந்தால் வண்டியோடு வடக்கே போய்விடுவார். மாதக்கணக்கில் அங்கேதான் சோறும் தூக்கமும். ஆகையால் வீட்டில் வயர், பட்டன், பாஸ்வேர்டு என்று எது வந்தாலும் அது என் ராஜ்யம். அதில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பிடிக்காது. யாராவது எதையாவது கேட்டால், "சர்வர் ஸ்கேன் ஆகுது, செத்த இருங்க" என்று ஒரு வார்த்தையைத் தூக்கிப் போடுவேன். அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொல்வேன்.

அந்தச் சர்வர் என்பது வேறொன்றுமில்லை, சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். படுக்கையறை மேசைக்கு அடியில் வைத்து, இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு, வீட்டு டிவியோடு இணைத்துவிட்டேன். டிவியைப் போட்டால் சினிமாப் படங்கள் ஒரு வரிசை, பாட்டு ஒரு வரிசை, "குடும்பம்" என்று ஒரு வரிசை. சினிமா எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. குடும்பத்து வீடியோக்கள் மட்டும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில், வயர் போட்டுச் செருகியிருந்தேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மாரியம்மன் பண்டிகை, எல்லாவற்றுக்கும் மேலாக என் கொழுந்தனாரின் கல்யாணம்.

கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, எடப்பாடிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு வரை அப்பாவோடு விசைத்தறியில் நின்றவள். கொழுந்தனாருக்கு எருமப்பட்டியில் ஒரு கோழிப்பண்ணைத் தீவன ஆலையில் வேலை என்பதால் அங்கேயே குடியிருக்கிறார்கள். அவர்கள் கல்யாண டிவிடி ஓரிடத்தில் கோடு விழுந்து நிற்க ஆரம்பித்தபோது, அவள்தான் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, உங்களிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் அக்கா என்றாள். நான் ஏற்றி வைத்தேன். அப்புறம் அந்த டிவிடி அடியோடு கெட்டுப்போயிற்று.

அந்த வீடியோவில்தான் என் மாமனார் பேசுகிறார். மாமா போட்டோவுக்கே முகம் கொடுக்காத மனுஷன். செல்போனை நீட்டினால் துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். அந்தக் கல்யாணத்தில் மட்டும் பந்தி வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை வீடியோக்காரர் சிக்க வைத்துவிட்டார். கேமராவைப் பார்த்ததும், "என்னையெதுக்கப்பா புடிக்கிற, பொண்ணு மாப்பிள்ளையப் புடி" என்று விரட்டிவிட்டு, திரும்பி அத்தையைத் தேடி, "ஏ புள்ள, நீ இன்னும் சாப்பிடலியா" என்பார். அவ்வளவுதான். மாமா போன பிறகு அவர் குரலென்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அத்தை அதை அடிக்கடி கேட்கமாட்டார். அமாவாசைப் படையல் முடிந்து, காக்காய்க்கு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, "அம்மிணி, அந்தக் கல்யாணத்தைப் போடு" என்பார். போடுவேன். பந்தி வாசல் வந்ததும் அத்தை பார்க்கமாட்டார்; கண்ணை மூடிக் கேட்பார். "ஏ புள்ள" முடிந்ததும், போதும் நிறுத்து என்பார்.

மாமா போய் இரண்டாம் வருஷம், ஆயுத பூஜை சமயத்தில் அத்தை ஊரில் இல்லை. முழங்கால் வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்க நாமக்கல்லில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தீபாவளிக்கும் அங்கேயே தங்கிவிட்டார். பூஜை வேலை முழுக்க என் தலையில். எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காத இரும்பு கிடையாது. ரிக்கின் துளைக்கும் பிட்டிலிருந்து வீட்டு மிக்சி வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்குவோம். மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும் வரை எதையும் தொடக்கூடாது. நான் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன். ஹார்டு டிஸ்க்கை வயரிலிருந்து கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, பிள்ளைகளின் புத்தகத்துக்கு மேல் வைத்தேன். மறுநாள் எடுத்துத் திரும்பச் செருகினேன். நான் செய்ததில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவில்லை, பின்னால் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஓரகத்தி தன் மகளோடு வந்து இரண்டு நாள் இருந்தாள். நான் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, தாயும் மகளும் கூடத்தில் ஏதோ படம் பார்த்தார்கள். நடுவில் அவள் எழுந்து வந்து, "அக்கா, டிவியில இங்கிலீசுல என்னமோ கேட்டுதுங்க, நான் ஓகேவை அமுக்கிட்டேன்" என்றாள். இன்னும் பார்க்கிறாயா என்று கேட்டிருக்கும். ரொம்ப நேரம் ஓடினால் அப்படிக் கேட்கும். ஒன்றும் ஆகாது விடு என்று சொல்லிவிட்டு முறுக்கைத் திருப்பினேன்.

கார்த்திகையில் மாமாவின் இரண்டாம் வருஷத் திதி வந்தது. அத்தையை நாத்தனார் கூட்டிக்கொண்டு வந்தார். இங்கே நாங்கள் நங்கையா என்போம். கொழுந்தனார் குடும்பம் எருமப்பட்டியிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தார். பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. படையல் முடிந்து சாப்பிட்டு, வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தபோது அத்தை டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மிணி, கல்யாணத்தைப் போடு. அவிய பேசறதை எல்லாரும் கேக்கட்டும்."

அத்தனை பேர் முன்னால் என் ராஜ்யத்தைத் திறந்து காட்டப் போகிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. ரிமோட்டை எடுத்தேன். சினிமா வரிசை வந்தது. பாட்டு வரிசை வந்தது. குடும்பம் என்ற வரிசையே இல்லை. தேடு என்ற இடத்தில் கல்யாணம் என்று தட்டினேன், ஒன்றுமில்லை என்றது. வெளியே போய் உள்ளே வந்தேன். டிவியை அணைத்துப் போட்டேன். பின்னால் ஒரு பங்காளி, கரண்டு கம்மியோ என்று கேட்டார். அத்தை கண்ணை மூடித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கம்ப்யூட்டர் டீச்சர் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சேலையில் தீப்பிடித்தவள் போல, எங்கே தட்டிவிடலாம் என்று பார்த்தேன். சுவரோரமாகத் தண்ணீர்ச் சொம்போடு ஓரகத்தி நின்றிருந்தாள்.

"தீபாவளிக்கு என்னமோ கேட்டுது, ஓகே அமுக்கினேன்னு சொன்னியே கண்ணு," என்றேன். "அழிச்சரட்டுமான்னு கேட்டிருக்கும். தெரியாததுல எதுக்கு சாமி கை வெக்கிற?"

எங்கள் ஊரில் கோபத்தைக் கூடக் கண்ணு, சாமி என்று வெல்லம் தடவித்தான் கொடுப்போம். கேட்கிறவர்களுக்கு அது அதட்டலாகத் தெரியாது; வாங்குகிறவளுக்கு மட்டும் தெரியும். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாங்க்கா, நாந்தான் அமுக்கினேன் என்றாள். கொழுந்தனார் எல்லோர் முன்னாலும் எழுந்து, உன்னை யார் அதைத் தொடச் சொன்னது என்று கத்தினார். அத்தை கண்ணைத் திறந்து, எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மாமாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

அது அவளுடைய கல்யாணம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மாமாவின் குரல் போயிற்று என்றுதான் கூடமே பேசியது, நானும் அதைத்தான் பேசினேன். அவள் கழுத்தில் தாலி ஏறியதும் அதோடு போயிற்று என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் பரிமாறினாள், எல்லோர் இலையையும் எடுத்தாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, விருந்தாளிகள் போய், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். அதற்கு முன் குடும்ப வீடியோ டிஸ்க்கின் இடத்தைத் திறந்தேன். உள்ளே வீடியோ இல்லை. காலாண்டுக்குப் பிந்தைய மாதத் தேர்வுக்கு நான் தயாரித்த கேள்வித்தாள்கள் இருந்தன.

அங்கே கேள்வித்தாள் எப்படி வரும் என்று கொஞ்ச நேரம் முழித்தேன். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கு காய்ந்த சந்தனப் பொட்டோடு வயரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, அதன் விளக்கும் மினுங்கியது. பக்கத்து ஓட்டையில் என் பள்ளிக்கூடப் பென்டிரைவ் செருகியபடி இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. 

மேலே சொல்லாமல் விட்டது இதுதான். ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானம், பொட்டு வைத்த கம்ப்யூட்டரை, மறுபூஜைக்குக் காத்திருக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு நான் போட்டேன். கேள்வித்தாளை மறுநாள் காலைக்குள் அனுப்பியாக வேண்டும். அத்தையும் ஊரில் இல்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பென்டிரைவைச் செருகி வேலையை முடித்தேன். எடுக்க மறந்தேன்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கதவு எண் மாதிரி ஓர் எழுத்துக் கொடுக்கும். ஹார்டு டிஸ்க்கு சாமி முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில், அதன் கதவு எண்ணைப் பென்டிரைவுக்குக் கொடுத்துவிட்டது. மறுநாள் டிஸ்க்கு திரும்பி வந்தபோது, அதற்கு அடுத்த எண். டிவிக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு இந்தக் குடிமாற்றம் தெரியாது. பழைய கதவைத் தட்டியது. உள்ளே கேள்வித்தாள்தான் இருந்தது. கல்யாணத்தைக் காணோம் என்று முடிவு கட்டி வரிசையை எடுத்துவிட்டது. காணாமல் போனதைக் கேட்காமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்ததும் நான்தான், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. ஆக, தீபாவளிக்கு அவள் அந்த ரிமோட்டைத் தொடும் முன்பே கல்யாணம் டிவியை விட்டுப் போயிருந்தது.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி, பழைய எழுத்தை டிஸ்க்குக்குத் திருப்பிக் கொடுத்து, மறுபடி தேடச் சொன்னேன். காதுகுத்து வந்தது, கிரகப்பிரவேசம் வந்தது, கல்யாணம் வந்தது. கொல்லைப்புறத்தில் ஓரகத்தி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படியோ மீட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் துருவமாட்டார்கள் என்ற நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுத மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்த நினைப்பைக் கொஞ்ச நேரம் ருசித்தேன். அப்புறம் எழுந்து கூடத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வீடியோவைப் போட்டேன். பந்தி வாசல் வந்தது. "ஏ புள்ள, நீ இன்னும் சாப்பிடலியா." அத்தை இந்த முறை கண்ணை மூடவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. திரும்ப ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஓரகத்தி ஈரக்கையோடு கதவருகே நின்றாள். அத்தை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போன உசுரை எம் மருமவ கொண்டாந்துட்டா" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். அது அழியவே இல்லை, அவள் எதையும் அழிக்கவில்லை, பூஜையன்றைக்கு நான்தான் கம்ப்யூட்டரைப் போட்டு, பென்டிரைவை எடுக்காமல் விட்டு, டிஸ்க்கின் எழுத்து மாறிப்போயிற்று, தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கூடத்தில் முதலில் என் வீட்டுக்காரர் சிரித்தார். நேற்றுத் திட்டிப்புட்டு ராத்திரி முழுக்க டீச்சருக்கு மனசு கேட்கவில்லை என்றார். விட்டுக்கொடுத்துப் போவது என்றால் இதுதான், பெரியவள் பெரியவள்தான் என்று நங்கையா என் தோளைத் தட்டினார். பூஜையன்றைக்கு வேலை செய்தேனே என்று அத்தையிடம் அழுத்திச் சொன்னேன். படிப்பு வேலைதானே, சரஸ்வதி கோவிச்சுக்கமாட்டாள் என்று விட்டார். கொழுந்தனார் தன் மனைவியைப் பார்த்து, "அக்கா கால்ல உழுகு. உம்பட பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாங்க பாரு" என்றார். அவள் நிஜமாகவே குனிந்தாள். நான் பிடித்து நிறுத்தினேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்று சத்தம் போட்டு, டிரைவ், லெட்டர், லைப்ரரி, ஸ்கேன் என்று முதலிலிருந்து விளக்கினேன். பள்ளியில் கடைசி பெஞ்சுக்கும் புரிகிற மாதிரி சொல்லக்கூடியவள் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. இவர்கள் ஐயர் மந்திரம் சொல்லும்போது உட்கார்ந்திருப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் இருக்கும்படி இத்தனை வருஷமும் வளர்த்து வைத்தது நான். நேற்று என் பொய்யை நம்பியதும் அதனால்தான், இன்றைக்கு என் உண்மையை நம்பாததும் அதனால்தான். ஆளாளுக்கு எழுந்து காபி குடிக்கப் போனார்கள்.  திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். தலையில் தூக்கி வைத்தார்கள்.

அவர்கள் புறப்படும் முன் ஓரகத்தியை அடுப்படியில் தனியாகப் பிடித்தேன். தட்டத்தில் சோறு போட்டு, நேற்றிலிருந்து நீ சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை, உட்கார் என்றேன். சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து, நான் சொன்னது அத்தனையும் நிஜம், உன் மேல் தூசி கூடத் தப்பில்லை, மன்னித்துவிடு என்று சொன்னேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீங்க எனக்காகச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களாக்கா? எங்கூடப் பொறந்திருந்தாக்கூட இப்படிச் சொல்ல மாட்டாங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க."

இல்லை கண்ணு என்றேன். செரிங்க்கா, செரிங்க்கா என்று சிரித்தாள். என் வகுப்பில் புரியாத பிள்ளைகள், மிஸ் மனசு நோகக்கூடாதே என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் தட்டத்தில் ரசத்தை ஊற்றினேன்.

பொங்கலுக்கு மறுபடி வந்தார்கள். மாட்டுப் பொங்கலன்றைக்கு ஆண்கள் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போய் அங்கே ஒருத்தியோடு பேச்சில் நின்றுவிட்டு, நேரங்கழித்துத் திரும்பினேன். கூடத்தில் தாயும் மகளும் அணைந்த டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ரிமோட் அவர்களுக்குப் பக்கத்திலேயே, கை எட்டுகிற இடத்தில் கிடந்தது. குழந்தை அதைத் தொடாமல் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிவியைப் போட்டுக்க வேண்டியதுதானே கண்ணு," என்றேன்.

"நீங்க வரட்டும்னுதாங்க்கா," என்றாள் ஓரகத்தி.

அதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, நான் போடுவதற்காகக் காத்திருந்தாள்.